சனிக்கிழமை விலை

— எழுதுங்க பாய். ஆறு மணி ஆவப் போவுது. இன்னும் சாக்பீஸ கையில வெச்சிக்கினு நின்னா இன்னா அர்த்தம்?

— எழுதுறேன், எழுதுறேன். அவசரப்படுத்தாத சிந்து.

— நான் இன்னா அவசரப்படுத்தறது? வெளிய எட்டிப் பாருங்க. எதிர் டீக்கடையிலேர்ந்து வாய்க்கா பாலம் வரிக்கும் நிக்கிறானுங்க. இந்த மழையிலயும் கொட புடிச்சிக்கினு நிக்கிறானுங்க. எல்லார் கண்ணும் நம்ம வாசல் போர்டு மேல தான்.

— பாத்தா போதுமா? உள்ள வந்து வாங்கணும் இல்ல?

— வெல எறங்கட்டும்னு நிக்கிறானுங்க பாய். சனிக்கெழம ஆறு மணி ஆனா நுஃமான் பாய் கடையில டி.வி.யில மாட்டி ஆடற கேம் பெட்டி ஆயிரம் ரூபா எறங்கும்னு ரங்கப்பிள்ளை வீதிக்கே தெரியும். காலாப்பட்டு காலேஜ் பசங்க வாட்சப்புல குரூப்பு வெச்சிருக்கானுங்க. தங்கம் வெல போடற மாதிரி நம்ம வெலயப் போடறானுங்க.

— யா அல்லாஹ். எல்லாம் உன்னால வந்தது.

— தோ, ஆரம்பிச்சிட்டீங்க.

— பின்ன? ரெண்டு மாசமா ஒரு பெட்டி வெளிய போகல. வாரா வாரம் ஆயிரம் எறக்குங்க பாய், ஜனம் பாஞ்சு வரும்னு யாரு சொன்னது?

— நான் தான் சொன்னேன், இல்லேங்கல. எங்கம்மா முப்பது வருசமா அப்படித்தான் மீன் விக்குது. விடியக்காலம் ஒரு வெல, வெயில் ஏறுனா ஒரு வெல, உச்சி வெயிலுக்கு கேட்ட வெல. ஒரு நாளாச்சும் கூடையில மீன திருப்பிக் கொணாந்தது கெடையாது. எங்கூர் கனகசெட்டிக்குளத்துல யார வேணா கேட்டுப் பாருங்க.

— மீன் நாறும் சிந்து. பெட்டி நாறாது. இன்னிக்கி வாங்காட்டி நாளைக்கும் அங்கயே இருக்கும்.

— அது இப்ப தெரியுது. அப்ப தெரியலையே. நீங்களும் தான தலைய ஆட்டுனீங்க?

— ஆட்டுனேன். வேற என்ன வழி இருந்துச்சு? முன்னெல்லாம் பெட்டிய வாங்குன வெலைக்கே தூக்கிக் குடுத்துட்டு கேம் சிடியில சம்பாதிச்சோம். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி போனா, வருஷம் பூரா அந்த வீட்டுப் புள்ளைங்க சிடி வாங்க நம்மகிட்ட தான் வரும். இப்ப எவன் வர்றான்? எல்லாத்தையும் நெட்டுலயே எறக்கிக்கிறான். பெட்டியில லாபம் வெச்சா தான் உண்டு. வெச்சா வாங்க ஆள் இல்ல.

— தவணையில குடுக்கலாம்னேன். மிஷன் வீதி ஷோரூம்ல அதத் தான பண்றான்?

— வட்டி.

— வட்டிய ஃபைனான்ஸ்காரன் வாங்கப் போறான். நமக்கு இன்னா?

— நம்ம கல்லாவுல ஒக்காந்து தான வாங்குவான்? வேணாம். அந்தப் பேச்ச விடு.

— விட்டேன். மணிக்கு இவ்ளோன்னு வாங்கிக்கினு கடையிலயே வெளையாட விடலாம்னேன்.

— விட்டா பள்ளிக்கூடம் போறவன் எல்லாம் இங்க பையப் போட்டுட்டு ஒக்காந்திடுவான். அப்புறம் அவங்க அம்மாங்க வந்து என் சட்டையப் புடிப்பாங்க.

— எது சொன்னாலும் வேணாம். ஊர் கெடக்குற கெடப்புக்கு இன்னா தான் பண்றது, சொல்லுங்க. சேதராப்பட்டுல கம்பெனிங்க ஷிஃப்ட கொறச்சிட்டான். ஐ.டி. வேலைக்குப் போன பசங்க பெங்களூர்லேர்ந்து பொட்டி படுக்கையோட வந்து வீட்ல ஒக்காந்திருக்கானுங்க. இந்தப் பெட்டி செய்யுற கம்பெனிக்காரன் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி ரெண்டு தடவ வெலய ஏத்திட்டான்.

— அவன் ஏத்துறதுக்கு முன்னாடி வாங்கிப் போட்ட சரக்கு இது. அதனால தான் இவ்வளவு தூரம் எறக்க முடிஞ்சுது. இப்ப வாங்குன வெலைய தொட்டுக்கிட்டு நிக்கிறோம். இன்னிக்கி இன்னொரு ஆயிரம் எறக்கினா நம்ம கைக்காசு போட்டு ஊருக்கு வெளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுத்த மாதிரி.

— நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது.

— கோவப்படுற மாதிரி தான் சொல்லப் போற. சொல்லு.

— கண்ணாடிக்குப் பின்னாடி மேல வரிக்கும் பெட்டிங்கள அடுக்கி வெச்சிருக்கோம் இல்ல? அதான் பாய் தப்பு. எங்கம்மா கூடையில வஞ்சிரம் ஒண்ணே ஒண்ணு தான் கெடக்கும். பக்கத்துல நிக்கிறவ எடுத்துடுவாளோன்னு பயந்துக்கினே வாங்குவாங்க. இங்க எவனுக்கு பயம்? முப்பது பெட்டி பல்லக் காட்டிக்கினு நிக்குது. எல்லாத்தையும் பின்னாடி ரூமுல போட்டுட்டு ஒண்ண மட்டும் வெச்சி, கடைசி பீஸுன்னு எழுதுவோம்.

— பொய்.

— வியாபாரம் பாய்!

— இருக்கிறத இல்லைன்னு சொல்லி வித்த காசு ஹராம். அதுல ஒரு டீ குடிச்சாலும் எனக்கு செரிக்காது.

— அப்ப சும்மா நில்லுங்க. கிறிஸ்மஸு வரும், போவும். உங்க தம்பி ஜெய்னு பாரீஸ்லேர்ந்து போன் பண்ணுவாரு. கட்டடம் என் பேர்ல இருக்கு, கிறிஸ்மஸ் வரிக்கும் பாத்தேன், பெட்டிங்க அப்படியே கெடக்குது, காப்பிக் கடைக்கு விடறேன்னு சொல்லுவாரு. அடுத்த மாசம் இந்த எடத்துல மஞ்ச பெயிண்ட் அடிச்சி, வாசல்ல சைக்கிள் ஒண்ண மாட்டி, ஒரு காப்பி முன்னூறு ரூபான்னு விப்பான். வெள்ளக்காரன் வீதி மாதிரி ஆயிடும்.

— தெரியும்.

— தெரிஞ்சிக்கினா இப்படி கல்லு மாதிரி நிக்கிறீங்க? எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. எங்கூர்ல கடையில மேனேஜருன்னு சொல்லிக்கிறதுக்கு நான் ஒருத்தி தான் இருக்கேன். கடைய மூடிட்டா மறுபடியும் எங்கம்மாவோட விடியக்காலம் கூடைய தூக்கிக்கினு பஸ் ஏறணும். மீன் விக்கிறது கேவலம்னு சொல்லல. ஆனா எனக்கு இந்தக் கடை புடிச்சிருக்கு. இதப் போவ விட மனசு வரல.

— தெரியும்மா.

— எது சொன்னாலும் தெரியும், தெரியும். ஒரு வாரமா இதே பாட்டு தான்.

— போன்சுவார் நுஃமான் பாய்! என்ன, இன்னும் எறக்கலியா?

— வாங்க முசே மிக்கேல். கொடைய வெளிய வையுங்க, தண்ணி சொட்டுது.

— ஓ, பார்தோன், பார்தோன். ஒண்ணும் அவசரம் இல்ல. பா பிரெஸ்ஸே. சும்மா இந்தப் பக்கம் நடந்து வந்தேன்.

— ஏழு வாரமா சனிக்கெழம ஆறு மணிக்கு சும்மா நடந்து வர்றீங்க முசே.

— ஏன் சிந்துஜா, நடக்கிறதுக்கும் உங்க கடையில காசா?

— காசு இல்லாதவன் நின்னு பாத்தா பரவால்ல. உங்களுக்கு இன்னா? பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் மாசா மாசம் யூரோவுல வருது. யூரோ வேற ஏறிக்கினே போவுது. இங்க ஊரே படுத்துக் கெடந்தாலும் உங்க வீட்ல அடுப்பு எரியும். ஒரு பெட்டிய வாங்கிக்கினு போவ வேண்டியது தான?

— அலோர், அது வேற விஷயம். காசு இருக்குன்னு ஏமாற முடியுமா? போன வாரம் வாங்கியிருந்தா இன்னிக்கி எனக்கு ஆயிரம் நட்டம். இன்னிக்கி வாங்குனா அடுத்த வாரம் ஆயிரம் நட்டம். வாங்காம இருக்கிற ஒவ்வொரு வாரமும் எனக்கு ஆயிரம் லாபம். ஏழு வாரத்துல ஏழாயிரம் சம்பாதிச்சிருக்கேன் பாய், சாய்வு நாற்காலிய விட்டு எழுந்திருக்காம.

— கேட்டுக்கோ சிந்து. நல்லா கேட்டுக்கோ.

— காதுல விழுது பாய். இப்படி ஒரு கணக்கு இருக்குன்னு எங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது.

— யாருக்கு முசே பெட்டி? பேரனுக்கா?

— பேரனா? அவன் பிரான்ஸ்ல, லியோன்ல இருக்கான், அவங்கிட்ட ரெண்டு இருக்கு. எனக்குத் தான் பாய். போன வருஷம் அங்க போனப்ப பயல் என் கையில கன்ட்ரோலரக் குடுத்து ஃபுட்பால் ஆட வெச்சான். மொத வாரம் பூரா என்ன தோக்கடிச்சான். ரெண்டாவது வாரம் நான் அவன தோக்கடிச்சேன். அழுதுட்டான்! அங்கேர்ந்து வந்த நாளா கை நமநமங்குது. தூக்கத்துல கட்ட வெரல ஆட்டுறேன்னு என் பொஞ்சாதி ரோசா ஏசுறா.

— அவ்வளவு ஆசைய வெச்சுக்கிட்டு ஏழு வாரம் அடக்கிக்கிட்டு இருக்கீங்களா?

— பொறுமை, வோலா, அவ்வளவு தான். அதுவும் இன்னிக்கி முக்கியமான நாளு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி கடைசி சனிக்கெழம இல்லையா? ஆயிரம் எறங்குமா, ரெண்டாயிரம் எறங்குமான்னு டீக்கடையில பந்தயமே ஓடுது. நான் ரெண்டாயிரத்துல கட்டியிருக்கேன்.

— பந்தயமா? என் கடை மேலயா?

— கோவிச்சிக்காதீங்க பாய். சூதாட்டம் இல்ல. சும்மா, டீக்கும் சமோசாவுக்கும் தான்.

— கேட்டியா சிந்து? நான் இங்க வாரா வாரம் என் தோல உரிச்சு போர்டுல ஒட்டுறேன். இவனுங்க அதப் பாத்துக்கிட்டு சமோசா தின்றானுங்க!

— பாய், விடுங்க பாய். பிரஷர் ஏறிடப் போவுது.

— ஏறட்டும். ஏதாவது ஒண்ணு ஏறட்டும் இந்தக் கடையில. அந்தத் துணிய எடு.

— எதுக்கு?

— போர்ட தொடைக்கணும்.

— ரெண்டாயிரம் எறக்கிடாதீங்க பாய், உங்களுக்குப் புண்ணியமா போவும். ஆயிரமே தாங்காது. பாய், நனையுறீங்க, கொஞ்சம் உள்ள தள்ளி நின்னு எழுதுங்க. இன்னா எழுதுறீங்க?

— கண்ணு இருக்கு இல்ல? படி.

— நாப்பத்தி நாலாயிரம். பாய், தப்பா எழுதிட்டீங்க. போன வாரமே நாப்பத்தி ரெண்டு தான்.

— தப்பா எழுதல. ரெண்டாயிரம் ஏத்தியிருக்கேன்.

— ஏத்தியிருக்கீங்களா? ஊரே காசு இல்லாம கெடக்குறப்ப எவனாச்சும் வெல ஏத்துவானா?

— கம்பெனிக்காரன் ஏத்தலையா? அவன் ரெண்டு தடவ ஏத்தலாம், நுஃமான் ஒரு தடவ ஏத்தக் கூடாதா? பெட்டி மேல அச்சடிச்ச வெலைக்கு இன்னும் எவ்வளவோ கீழ தான் இருக்கு. ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. இரு, இன்னொரு வரி பாக்கி இருக்கு.

— "நாளைக் காலை... இன்னும் ரெண்டாயிரம்... ஏறும்." போச்சு. எல்லாம் போச்சு. நெஜமா ஏறுமா, இல்ல சும்மா மெரட்டறீங்களா?

— நான் பொய் எழுதி பாத்திருக்கியா? நாளைக்கு சண்டே மார்க்கெட் கூட்டம் வரும். நாப்பத்தி ஆறுக்கு ஒரு ரூபா கொறைய மாட்டேன்.

— மோன் தியே! கடவுளே! பாய், என்ன வேலை இது? நான் ரெண்டாயிரம்னு கட்டியிருக்கேனே!

— ரெண்டாயிரம் தான முசே? பக்கம் தான் மாறிப் போச்சு.

— சரி, சரி, சிரிச்சாச்சு. போன வார வெலைக்கு எனக்கு ஒண்ணக் குடுத்துடுங்க. பழகுன முகம்.

— அந்த வெல ஒரு வாரம் முழுக்க வாசல்ல நின்னுச்சு. நீங்க தான் திரும்பிப் பாக்கல.

— நான் உள்ள வர்றப்ப கூட இருந்துச்சே!

— இருந்துச்சு. நீங்க சமோசாக் கணக்கு சொல்லிட்டு இருந்தீங்க.

— சிந்துஜா, நீ சொல்லும்மா. பாய் வெளையாடுறாரா?

— எனக்கு இன்னா தெரியும் முசே? எனக்கே தல சுத்துது. இவரு இப்படி பேசி நான் பாத்ததே இல்ல.

— அலோ, ரோசா? நான் தான். இல்ல, வாங்கல. எறக்கல, ஏத்திட்டாரு. ஏத்திட்டாருங்கிறேன்! நாளைக்கு இன்னும் ஏறுமாம். என்ன? நான் என்ன பண்றது? ஏழு வாரமா நீ சொன்னத நான் கேக்கலைன்னு இப்ப தான் சொல்லணுமா? சரி. சரிங்கிறேன் இல்ல. வெச்சிடு.

— என்ன சொல்றாங்க மதாம்?

— வாங்கிட்டு வந்தா வா, இல்லைன்னா அந்தக் கடையிலயே படுத்துக்கோன்னு சொல்றா.

— வெளிய என்ன சத்தம் சிந்து? பாரு.

— போர்டு கிட்ட வந்துட்டானுங்க பாய். போட்டோ எடுக்குறானுங்க. ஒருத்தன் டீ கிளாசோட ரோட்ட தாண்டி வரான், டீக்கடக்காரரு கிளாஸ குடுத்துட்டுப் போடான்னு பின்னாடியே ஓடி வராரு.

— திட்டுறானுங்களா?

— திட்டாம? நல்லா திட்டுறானுங்க. திட்டிக்கினே செருப்ப கழட்டுறானுங்க. ஐயோ பாய், உள்ள வரானுங்க!

— ரெண்டு கதவையும் தொற.

— இருங்க, இருங்க! நான் தான் மொத ஆளு. எல்லாரையும் விட முன்னாடி வந்தவன் நான். எனக்கு ஒண்ணு போடும்மா. கார்டு எடுப்பீங்க இல்ல?

— எடுப்போம் முசே. அவசரம் இல்லைன்னீங்களே?

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கன்ட்ரோலர் ரெண்டா குடு. தனியா ஒக்காந்து யாரோட ஆடுறது? ரோசாவையும் பழக்கி விடுறேன். அந்த ஃபுட்பால் சிடி இருக்கே, அதையும் எடு.

— பாய், சிடி கேக்குறாரு! நம்ம கடையில ஒரு மனுசன் சிடி கேக்குறாரு பாய்!

— எடுத்துக் குடு. தூசி தட்டிக் குடு.

— வரிசையா வாங்க! அண்ணே, கண்ணாடி மேல சாயாதீங்க. இல்ல, போன வார வெலைக்கு கெடையாது, பாய் கிட்ட கேட்டாலும் கெடையாது, போர்டப் பாருங்க. தம்பி, கருப்பு மட்டும் தான் இருக்கு, வெள்ள வேணும்னா நாளைக்குக் கூட வராது. ஏய், இங்க வா, ரெண்டு பெட்டிய ஒரே ஆளு எதுக்கு தூக்குற? மாமாவுக்கா? மாமாவ வரச் சொல்லு. பாய், பில்லு புக்கு தீந்துடுச்சி, புதுசு எங்க? அக்கா, கூடப் பொறந்தவனுக்கு கிறிஸ்மஸ் பரிசா? நல்லா வெளையாடச் சொல்லுங்க, ஒயர சுருட்டி உள்ளயே வெச்சிருக்கேன். அடுத்து யாரு? தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும் இருக்கு. இல்ல, எல்லாருக்கும் இல்ல, கொஞ்சம் தான் இருக்கு. சத்தியமா கொஞ்சம் தான் இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க!

— மெதுவா சிந்து. மூச்சு வாங்கிக்கோ.

— மூச்சு நாளைக்கு வாங்கிக்கிறேன் பாய், மொதல்ல நீங்க அந்தக் கார்டு மிஷின இப்படி தள்ளுங்க.

...

— இந்தாங்க பாய், தண்ணி குடிங்க. ஒக்காருங்க.

— எல்லாரும் போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. அலமாரியப் பாருங்க, செவுரு தெரியுது. இந்தச் செவுரு பச்ச கலருன்னே எனக்கு இன்னிக்கி தான் தெரியும். டிஸ்ப்ளேவுக்கு வெச்ச பெட்டியக் கூட விடல. காலாப்பட்டு பையன் ஒருத்தன் சட்டையால தொடச்சி எடுத்துக்கினு போனான்.

— அல்ஹம்துலில்லாஹ்.

— இவ்ளோ நாளு நாம இன்னா முட்டாத்தனம் பண்ணிக்கினு இருந்தோம் பாருங்க. எறங்கற வெலய ஜனம் வேடிக்க பாக்குது. ஏறுதுன்னா தான் அடிச்சி புடிச்சி வாங்குது. கையில காசு இல்ல, காசு இல்லன்னு சொன்னவன் எல்லாம் எங்கேர்ந்து எடுத்தானோ தெரியல. எங்கம்மா கிட்ட இத சொன்னா நம்பாது.

— நம்பாதுதான்.

— இன்னா பாய், சுரத்தே இல்ல? சிரிங்க! நான் நாளைக்கே சரக்குக்கு ஆர்டர் போடறேன். இப்ப போட்டா பொங்கலுக்கு முன்னாடி வந்துடும்.

— ஆர்டர் போடாத சிந்து.

— தோ. ஒரு நாள் ஓடுனதுக்கே இவ்ளோ பயமா? சரி, ஆர்டர அப்புறம் பாக்கலாம். மொதல்ல தம்பிக்கு போன் போடுங்க. பாரீஸ்ல இப்ப பகல் தான? வீடியோவுல காலி அலமாரியக் காட்டுங்க. ஜெய்னு, கிறிஸ்மஸுக்கு முன்னாடியே எல்லாம் போயிடுச்சி, காப்பிக் கடைக்காரன வேற தெரு பாக்கச் சொல்லுன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு காதால கேக்கணும்.

— அவன்கிட்ட நேத்தே பேசிட்டேன்.

— நேத்து பேச இன்னா இருந்துச்சு? நேத்து எல்லாப் பெட்டியும் இங்க தான கெடந்துச்சு? அத விடுங்க, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும். ஒரு ஒயருக்கு அஞ்சு ரூபா கூட வெச்சி விக்கலாமான்னு ஒரு வாரம் யோசிக்கிற ஆளு நீங்க. ஊர் என்ன சொல்லுமோ, வர்றவன் வராம போயிடுவானோன்னு பயந்துக்கினே இருப்பீங்க. இன்னிக்கி அத்தினி பேரு பாத்துக்கினு நிக்கிறப்ப, ஊரே படுத்துக் கெடக்குற நேரத்துல, ரெண்டாயிரம் ஏத்தி எழுதுனீங்க. எங்கேர்ந்து பாய் வந்துச்சு இவ்ளோ தைரியம்?

— தைரியம் எல்லாம் இல்லம்மா. நேத்து ஜும்ஆ தொழுதுட்டு வந்து ஜெய்னுகிட்ட சரின்னு சொல்லி, காலி பண்றேன்னு கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டேன். திங்கக்கெழம சாவி காப்பிக் கடைக்காரன் கைக்குப் போகுது. கடை என்னோடதா இருந்திருந்தா நான் பத்து ரூபா கூட ஏத்தியிருக்க மாட்டேன்.